பொய் சொல்லிச் சேர்த்து வைத்த காதல் நிஜமாகுமா?

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவி கேட்டது இது: "ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தைச் சுருக்கித் தமிழில் போடப்போகிறோம். எனக்கு பியாட்ரிஸ் வேடம். வசனமெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒரு விஷயம் மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கூட இருப்பவர்கள் பொய் சொல்லித்தானே பியாட்ரிஸ், பெனடிக் இரண்டு பேரையும் காதலிக்க வைக்கிறார்கள்? அது எப்படி நிஜமான காதல் ஆகும்? அப்படி ஏமாற்றுகிறவர்களை நண்பர்கள் என்று எப்படிச் சொல்வது?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேடம் கைக்கு வந்துவிட்டது. முப்பது வருடம் இந்த ஊரில் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், இரண்டு தடவை மேடையும் ஏற்றியிருக்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: அந்தப் பொய் காதலை உண்டாக்கவில்லை. காதல் அதற்கு முன்பே இருக்கிறது, இரண்டு பேருக்கும் அதை ஒப்புக்கொள்ளத்தான் பயம், நண்பர்கள் அந்தப் பயத்தைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காதல் கெட்டிப்படுவது யாருமே திட்டம் போடாத வேறோர் இடத்தில், நண்பனா இவளா என்று பெனடிக் நிற்கவேண்டி வரும்போது.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. சிசிலித் தீவில் மெசினா நகரம். சண்டை முடிந்து அரகான் நாட்டு இளவரசன் டான் பெட்ரோ தன் ஆட்களோடு அங்கே கவர்னர் லியோனாட்டோ வீட்டில் தங்க வருகிறான். கூடவே கிளாடியோ, பெனடிக் என்று இரண்டு இளைஞர்கள், அப்புறம் இளவரசனோடு சமீபத்தில்தான் சமாதானமான, அவனுடைய முறைதவறிப் பிறந்த சகோதரன் டான் ஜான். கவர்னரின் மகள் பெயர் ஹீரோ (நம் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் கதாநாயகன் வருவான் என்று வாசலைப் பார்ப்பார்கள், அதனால் நாங்கள் மேடையில் மல்லிகா என்று மாற்றிக்கொண்டோம்). அதே வீட்டில் இருக்கும் உறவுக்காரப் பெண் பியாட்ரிஸ். கிளாடியோவுக்கு ஹீரோவைப் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. பெனடிக்கும் பியாட்ரிஸும் கண்டதும் வாய்ச்சண்டை. இவர்களைச் சேர்த்துவைக்க இளவரசன் கூட்டம் ஒரு பொய் கட்டுகிறது. ஹீரோவுக்கு வேறு ஆளோடு தொடர்பு என்று டான் ஜான் இன்னொரு பொய் கட்டுகிறான். அதை நம்பி கிளாடியோ கல்யாணத்தன்றே தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கேவலப்படுத்தி உதறுகிறான். எழுதப்பட்டது 1598, 1599 வாக்கில், அச்சில் வந்தது 1600-ல்.

உங்கள் கேள்விக்கு நம் மேடையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த அந்த நாடகத்தில் சனம் காத்துக்கிடப்பதே தர்க்கத்துக்குத்தான். தினைப்புனத்தில் வள்ளி ஒன்று சொல்ல, வேடனாக வந்த முருகன் இன்னொன்று சொல்ல, பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். கடைசியில் கிழவனாக வந்தவன் அண்ணனை வேண்ட, பிள்ளையார் யானையாக வர, பயந்துபோன வள்ளி ஓடிவந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். யானை காட்டியது ஏமாற்று வேலைதானே? ஆனால் பார்க்கிற ஒருத்தர்கூட வள்ளியின் காதல் யானையால் வந்தது என்று சொல்லமாட்டார்கள். அத்தனை நேரம் எதிரெதிரே நின்று ஒருவர் வார்த்தையை ஒருவர் விடாமல் பிடித்துப் பதில் கொடுத்தார்களே, அங்கேயே வேலை நடந்துவிட்டது, யானை கடைசி இரண்டடி தூரத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். பியாட்ரிஸ், பெனடிக் சண்டையும் இந்த வகைதான்.

முதல் காட்சியை எடுத்து மறுபடி படியுங்கள். சண்டையிலிருந்து வந்த தூதன் யார் யார் பத்திரமாகத் திரும்பினார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். பியாட்ரிஸ் அந்த நாடகத்தில் வாய் திறந்து பேசும் முதல் வசனமே, ஒரு பட்டப்பெயரைச் சொல்லி, அந்த வீராதி வீரர் திரும்பிவிட்டாரா என்பதுதான். தூதனுக்கு யாரைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. அப்போது ஹீரோ ஒரே ஒரு வரி சொல்கிறாள்: இவள் பெனடிக்கைக் கேட்கிறாள் என்று. அந்தக் காட்சி முழுவதிலும் ஹீரோவுக்கு இருப்பது இந்த ஒரு வரிதான்! அந்த ஒரு வரியில் இரண்டு விஷயம் தெரிந்துபோகிறது. பியாட்ரிஸ் மனதில் இருப்பது யார் என்று, அப்புறம் அது இவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று. பட்டப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறவள் எத்தனை ராத்திரி அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாள்! உங்கள் நாடகத்தில் ஹீரோவாக நடிக்கும் பெண்ணிடம் சொல்லுங்கள், அந்த வரியைத் தூதனைப் பார்த்துச் சொல்லாமல் உங்களைப் பார்த்து, ஒரு சிரிப்போடு சொல்லட்டும்.

அதே காட்சியில் பியாட்ரிஸ் இன்னொன்றும் கேட்கிறாள்: இப்போது அவருக்கு யார் கூட்டாளி, மாசத்துக்கு ஒரு உயிர் நண்பன் வைத்துக்கொள்வாரே என்று. கிண்டல் மாதிரி போய்விடும் வரி, வெட்டிவிடாதீர்கள். காதலைப் பற்றி ஒரு பேச்சும் வருவதற்கு முன்னால் அவள் கை வைப்பது பெனடிக்கின் நட்பில்தான், இந்த ஆள் ஒரு நட்பிலாவது நிலையாக நிற்பானா என்பதுதான் அவளுக்கு உறுத்தும் கேள்வி, நாடகத்தின் பின்பாதி முழுக்க இதற்குத்தான் பதில்.

ஏற்கெனவே காதல் இருந்தது என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இரண்டாம் அங்கத்தில் இருக்கிறது. முகமூடி நடனத்தில் பெனடிக்கை இளவரசனின் கோமாளி என்று அவள் சொல்லிவிட, அவன் நொந்துபோய் ஒதுங்குகிறான். பெனடிக்கின் மனதை இழந்துவிட்டாயே என்று இளவரசன் கேட்கும்போது அவள் சொல்வதன் சாரம் இது: கொஞ்ச நாள் அதை எனக்குக் கடனாகக் கொடுத்திருந்தார், நான் வட்டி போட்டு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தேன், அதற்கு முன்னாலும் ஒரு தடவை பொய்ப் பகடை உருட்டி என்னிடம் ஜெயித்துக்கொண்டார். மூன்றே வாக்கியம், ஆனால் ஒரு பழைய கதை முழுக்க அதற்குள் கிடக்கிறது. ஒரு தடவை மனதைக் கொடுத்து ஏமாந்தவள் இவள். இந்த வசனத்தைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, பகடை என்ற சொல்லில் சிரிப்பு நின்றுபோக வேண்டும். நான் பார்த்த பல பியாட்ரிஸ்கள் இதை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படும்.

இப்போது அந்தப் பொய்க்கு வருவோம். பெனடிக் தோட்டத்தில் ஒளிந்திருப்பது தெரிந்தே இளவரசன், கிளாடியோ, லியோனாட்டோ மூன்று பேரும் அவன் காதில் விழுகிற மாதிரி பேசுகிறார்கள்: பியாட்ரிஸ் இவனுக்காக உருகுகிறாள், ஆனால் சொல்லமாட்டாள், சொன்னால் இவன் கேலி செய்வான். அடுத்தது ஹீரோவும் பணிப்பெண் உர்சுலாவும் இதையே பியாட்ரிஸ் காதில் விழச் சொல்கிறார்கள். இதை நாங்கள் ஒரு முறை ஏற்காட்டில் திறந்தவெளியில் போட்டோம். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியுமாக இருந்த இடம், தனியாக செட் எதுவும் போடவேண்டி வரவில்லை. பெனடிக்காக நடித்த பையன் காப்பிச் செடிக்குப் பின்னால் குந்தியிருந்தான், நல்ல சிரிப்பு. ஒத்திகையில் அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவள் உன்னைக் காதலிக்கிறாள் என்று கேட்டதும் நீ மாறுகிறாயா, இல்லை வேறு எதையாவது கேட்டு மாறுகிறாயா? இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான், "சார், என்னைத் திட்டுறதக் கேட்டுத்தான் மாறுறேன்."

அதுதான் சங்கதி. வெளியே வந்ததும் பெனடிக் தனக்குத் தானே பேசுவதைப் பாருங்கள். நான் கர்வக்காரன் என்று சொல்கிறார்கள், தன் குறையைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்ள வாய்த்தவன் அதிர்ஷ்டசாலி என்கிறான். பியாட்ரிஸும் அப்படித்தான். இத்தனை அகம்பாவக்காரி என்றா என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று திகைத்து நிற்கிறாள். அவள் உருகுகிறாள், இவன் உருகுகிறான் என்று சொன்னது ஜோடனை, சரி. ஆனால் இவனுடைய கேலி எல்லாரையும் தள்ளி நிறுத்துகிறது, இவள் யாரிடமும் நல்லதைப் பார்க்க மறுக்கிறாள் என்று சொன்னது முழு நிஜம். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரு ஜோக்கில் தட்டிவிட்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான் மனதார இருக்கும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம் இல்லையா, அதனால்தான் அது உள்ளே போகிறது. உங்களை நன்றாகத் தெரிந்தவர்களால் மட்டும்தான் இப்படி இடம் பார்த்து அடிக்க முடியும், அதனால் அவர்களை நண்பர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அதன் பிறகு வருவது, இல்லை, நாடக வரிசைப்படி அதற்குச் சற்று முன்னால், பெனடிக் மாறி பியாட்ரிஸ் இன்னும் மாறாத அந்த இடைவெளியில் வருவது ஒரு சின்ன அற்புதம். சாப்பிடக் கூப்பிட அவளை அனுப்புகிறார்கள். "எனக்கு இஷ்டமில்லாமல்தான் வந்தேன், சாப்பிடக் கூப்பிடச் சொன்னார்கள்" என்கிறாள். அவள் போனதும் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு அதற்குள் காதலைத் தேடுகிறான் பெனடிக். அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு மொட்டை மாடியில் இதை ஒத்திகை பார்த்தபோது, ஒத்திகைக்கு வாங்கி வந்த தட்டுவடை செட்டை ஓரமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த பையன்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தர் "சாப்பிட வாங்க" என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிய அனுபவம் அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது!

கிளாடியோவையும் ஹீரோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது முழுசாகப் புரியும். அவளைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் கிளாடியோ இளவரசனிடம் கேட்பது, லியோனாட்டோவுக்கு ஆண் பிள்ளை உண்டா என்று. சொத்து யாருக்குப் போகும் என்ற விசாரணை. சரி, அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் காதலைச் சொல்லக்கூட அவன் போகவில்லை, முகமூடி போட்டுக்கொண்டு இளவரசன் இவனுக்காகப் பேசுகிறான். இளவரசன் தனக்கே அவளைக் கேட்டுவிட்டான் என்று டான் ஜான் காதில் ஓதியதும் உடனே நம்பி, காதல் விவகாரத்தில் மட்டும் நட்பை நம்பக்கூடாது என்று கவிதை சொல்கிறான். அரை மணி நேரத்தில் அது பொய் என்று தெரிகிறது, ஆனால் பாடம் ஏறவில்லை. நிச்சயமானபோது ஹீரோ அவன் காதில் ஏதோ சொல்கிறாள், அது நமக்குக் கேட்பதே இல்லை, என்ன சொன்னாள் என்று பியாட்ரிஸ்தான் எடுத்துச் சொல்கிறாள். அந்த ஜோடி பேசிப் பழகியதாக ஒரு காட்சிகூடக் கிடையாது. அதனால்தான் ஒரு ராத்திரி ஜன்னலில் டான் ஜானின் ஆள் போராச்சியோ என்பவன் பணிப்பெண் மார்கரெட்டை ஹீரோ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்ததும் கிளாடியோவுக்கு எல்லாம் முடிந்துபோகிறது. பியாட்ரிஸின் குரலை பெனடிக் இருட்டிலும் கண்டுபிடித்திருப்பான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அத்தனை தடவை அந்தக் குரலோடு மோதியிருக்கிறான்.

தேவாலயக் காட்சி. இதற்கு உங்கள் ஒத்திகை நேரத்தில் பாதியைக் கொடுங்கள். தாலி கட்டப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்று பெண்ணை அசிங்கமாகப் பேசினால் மண்டபம் எப்படி உறைந்துபோகும், அதுதான் அங்கே நடக்கிறது. ஹீரோ மயங்கி விழுகிறாள். இளவரசன், டான் ஜான், கிளாடியோ மூன்று பேரும் வெளியேறுகிறார்கள். பெற்ற அப்பாவே இவள் செத்தால் தேவலை என்கிறார். பெனடிக் போகவில்லை. அவன் வந்தது அவர்களோடு, உயிர் நண்பன் கிளாடியோ, தலைவன் பெட்ரோ, அவர்கள் போனால் இவனும் போயிருக்க வேண்டும். நின்றுவிட்டான். வசனமே இல்லாத முடிவு அது, அதனால் மேடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். அம்மாபேட்டையில் நாங்கள் போட்டபோது ஆண்கள் வரிசையாக வெளியே நடக்க, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சத்தமாகவே கேட்டுவிட்டார்: "அந்தப் புள்ளையப் போட்டுட்டு எங்கடா போறீங்க?" பெனடிக்காக நடித்தவன் சரியாக அந்த நொடியில் காலை நிறுத்தித் திரும்பினான். பாட்டி கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

அப்புறம் எல்லாரும் போய் இவர்கள் இரண்டு பேர் மட்டும். இத்தனை நேரமும் அழுதுகொண்டா இருந்தீர்கள் என்று அவன் கேட்கிறான். அவளிடம் ஜோக் இல்லாமல் ஒரு வாக்கியம். இங்கே தமிழில் போடுகிறவர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. அந்தக் கால ஆங்கிலத்தில் மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல் என்று நம் நீங்கள், நீ மாதிரியே இரண்டு இருந்தன. அதுவரை அவளிடம் மரியாதைச் சொல்லிலேயே பேசி வந்த பெனடிக், காதலைச் சொல்லும்போதும் அந்த மரியாதையிலேயே தொடங்குகிறான், அடுத்த மூச்சில் நெருக்கச் சொல்லுக்கு வந்துவிடுகிறான். பியாட்ரிஸ் வரவில்லை. முன்பு தோட்டத்தில் தனியாக இருந்தபோது அவனை நினைத்துப் பேசியதில் அவளுக்கு 'நீ' வந்துவிட்டது. ஆனால் அவன் முகத்துக்கு நேரே இன்னும் 'நீங்கள்'தான். தமிழில் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒரு துளி இழப்பில்லை. அவன் 'நீ' என்றதும் நீங்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்க்க வேண்டும், அது போதும்.

உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல் என்கிறான். கிளாடியோவைக் கொல்லுங்கள் என்கிறாள். இந்த வரிக்குச் சபையில் சிரிப்பு வரலாம், பயப்படாதீர்கள், அதை நிறுத்த முயலவும் வேண்டாம், அடுத்த வரியில் தானாக அடங்கிவிடும். அவன் முதலில் முடியாது என்கிறான், உலகத்தையே கொடுத்தாலும் முடியாது. நண்பன் அல்லவா. அவள் கிளம்புகிறாள், அவன் தடுக்கிறான், நான் ஆணாக இருந்திருந்தால் சந்தையில் வைத்து அவன் நெஞ்சைத் தின்றிருப்பேன் என்று வெடிக்கிறாள். பெனடிக் கடைசியாக ஒரே கேள்வி கேட்கிறான்: கிளாடியோ ஹீரோவுக்கு அநியாயம் செய்தான் என்று உங்கள் மனசாட்சிப்படி நம்புகிறீர்களா? ஆமாம் என்கிறாள். போதும், சவால் விடுகிறேன் என்கிறான். சாட்சி கேட்கவில்லை. ஜன்னலை நம்பினான் கிளாடியோ, இவன் ஒருத்தியின் வார்த்தையை நம்பினான். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடம்தான். தோட்டத்தில் கேட்ட பொய்க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, இது முழுக்க அவர்களே சம்பாதித்துக்கொண்டது.

இன்னொன்றும் கவனியுங்கள், அவள் கேட்டது தனக்காக அல்ல, ஹீரோவுக்காக. ஒரு வருடமாக ஹீரோவோடு ஒரே படுக்கையில் படுத்தவள், நேற்று ஒரு ராத்திரி மட்டும் இல்லை என்று அந்தக் காட்சியில் ஒரு தகவல் வருகிறது. அவளைக் காப்பாற்றும் சாட்சியமாக அது ஆகாமல் போய்விட்டது, இருந்தும் இவள் ஒரு நொடி சந்தேகப்படவில்லை. இந்த நாடகத்தில் ஒரு கீறல்கூட விழாத நட்பு இது ஒன்றுதான். ஆங்கிலத்தில் இவர்களுக்கு ஒரே ஒரு உறவுச்சொல், அது பெரியப்பா மகளா, மாமன் மகளா என்று பிரித்துச் சொல்லாது. தமிழில் கூப்பிடும்போது முடிவு செய்தாக வேண்டும். நாங்கள் அக்கா, தங்கச்சி என்று வைத்தோம். ஹீரோ விழுந்து கிடக்கும்போது "தங்கச்சி" என்று பியாட்ரிஸ் ஒரு தடவை கூப்பிட்டதற்கு மேல் அங்கே வேறு வசனம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் அங்கத்தில் பெனடிக் சவால் விட வரும்போது கிளாடியோவும் இளவரசனும் இன்னும் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஹீரோ இறந்துவிட்டாள் என்று சொல்லப்பட்ட பிறகும்! (உண்மையில் பாதிரியாரின் யோசனைப்படி அவளை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.) இனி உங்கள் சகவாசம் வேண்டாம் என்று இளவரசனிடம் சொல்லிவிட்டுப் போகிறான் பெனடிக். மாசத்துக்கு ஒரு நண்பன் என்று முதல் காட்சியில் அவள் சொன்னாளே, அதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஊர்க் காவல்காரன் டாக்பெரியின் கூட்டம் டான் ஜானின் பொய்யை வெளியே கொண்டுவருவதை நான் விரிவாகச் சொல்லவில்லை, நம் கூத்துக் கட்டியக்காரன் மாதிரி தப்புத் தப்பாகப் பேசி ஊர் உண்மையைப் போட்டு உடைக்கும் பாத்திரம், அதை நடிக்கிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

முடிவில் ஹீரோ உயிரோடு இருப்பது தெரிந்து கிளாடியோவோடு சேர்ந்த பிறகு, மறுபடி பெனடிக், பியாட்ரிஸ் இரண்டு பேரும் மழுப்புகிறார்கள், ஊர் சொன்ன அளவுக்கெல்லாம் காதல் இல்லை என்று. அப்போது பெனடிக் தன் கையெழுத்தில் எழுதிய கவிதையையும், பியாட்ரிஸின் பையிலிருந்து எடுத்த, அவள் கையெழுத்தில் எழுதிய தாளையும் நீட்டுகிறார்கள் நண்பர்கள். முதல் தடவை பொய்யைக் காட்டிச் சேர்த்தவர்கள், இந்தத் தடவை கையில் வைத்திருப்பது அசல் பத்திரம். பிறகு பெனடிக் கிளாடியோவிடம், சரி, நாம் நண்பர்கள்தான், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடலாம் என்கிறான். அத்தனை பெரிய விரிசலுக்கு ஒரே வரியில் சமாதானம், எனக்கு எப்போதும் அது அவசரமாகத்தான் படுகிறது. அதனால் அந்த வரிக்கு முன்னால் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைத்தோம், பெனடிக் முதலில் ஹீரோவைப் பார்த்தான், அவள் தலையசைத்த பிறகுதான் கையை நீட்டினான். இளவரசனுக்கு ஜோடி கிடையாது, ஓரமாக நிற்பான், நீங்களும் ஒரு பெண்ணைப் பாருங்கள் என்று பெனடிக் அவனிடம் சொல்வான். ஆட்டம் தொடங்கும்போது எங்கள் பியாட்ரிஸ் பெனடிக்கின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் தங்கச்சியின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அது நாங்கள் சேர்த்தது, நாடகத்தில் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.